கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா? கத்தோலிக்கப் பள்ளி பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

ஜூனியர் கிண்டர்கார்ட்டன் பதிவு தொடங்கும் காலம் வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும். "அக்கா, வீட்டுக்கு எதிரிலேயே செயின்ட் பேர் வைத்த பள்ளி ஒன்று இருக்கிறது. அதில் போடலாமா? ஃபீஸ் எவ்வளவு ஆகும்?" ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஃபீஸ் கிடையாது. கான்வென்ட் என்றால் ஊரில் நமக்கு ஒரு கணக்கு உண்டு: டொனேஷன், டை, பாலிஷ் போட்ட ஷூ, கண்டிப்பு. நானும் திருச்சியில் அப்படி ஒன்றில்தான் படித்தேன். அந்தக் கணக்கை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒன்டாரியோவில் கத்தோலிக்கப் பள்ளியும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிதான். மாகாணத்தில் பள்ளிகளை நிர்வகிக்கும் போர்டுகள் 72 இருக்கின்றன. ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க என்று நாலு வகை. பாடத்திட்டம் ஒன்றே, கத்தோலிக்கப் பள்ளியில் கூடவே மதக்கல்வியும் இருக்கும். அரசுப் பணத்தில் படிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கப் போர்டுகளில் இருக்கிறார்கள்.

பெரியவனுக்கு நாலு வயதானபோது நானும் எதிரில் இருந்த பள்ளிக்குத்தான் போனேன். தடுப்பூசி அட்டை, லீஸ் பேப்பர், லேண்டிங் பேப்பர் (குடியேற்றச் சான்று) எல்லாவற்றையும் ஃபைலில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். அலுவலகத்து அம்மா ஒவ்வொன்றாகக் காப்பி எடுத்துவிட்டு, "பாப்டிசம் சர்ட்டிஃபிகேட்?" என்றார். என் காதில் பர்த் சர்ட்டிஃபிகேட் என்று விழுந்தது. அதைத்தான் முதலிலேயே கொடுத்துவிட்டேனே என்று, திருச்சி மாநகராட்சி முத்திரை போட்ட அதே தாளை மறுபடி நீட்டினேன். இரண்டு தடவை இந்தக் கூத்து நடந்தது. மூன்றாவது தடவை அவர் நெற்றியில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கையால் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தொடக்கப் பள்ளியில் சேர, பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கர் என்பதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். இடம் காலியாக இருந்தால் மற்றவர்களைச் சேர்க்கும் போர்டுகளும் உண்டு, ஆனால் அது அவர்கள் விருப்பம். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே குடும்பங்கள் கவனியுங்கள்: உங்கள் சபைச் சான்றிதழ் பொதுவாக இதற்குச் செல்லாது. சீரோ மலபார் போன்ற கீழைக் கத்தோலிக்கத் திருச்சபையினருக்குப் பிரச்சினை இல்லை, அவர்களும் கத்தோலிக்கர்தான்.

சீட்டுக்காகப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று ஒரு தம்பதி என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சாமிக்கும் மரியாதை இல்லை, பங்குத்தந்தைக்கும் மரியாதை இல்லை. நம்பிக்கை இருந்து செய்தால் அது வேறு விஷயம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பப்ளிக் பள்ளியில் அதே பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். என் மகன் கடைசியில் அங்கேதான் படித்தான்.

சரி, ஒரு மதத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? 1867இல் கனடா உருவானபோது போட்ட பேரம் அது. ஒன்டாரியோவில் கத்தோலிக்கர் சிறுபான்மை, கியூபெக்கில் புராட்டஸ்டன்ட்டுகள் சிறுபான்மை. அங்கே எங்கள் ஆட்களை நீ பார், இங்கே உங்கள் ஆட்களை நாங்கள் பார்க்கிறோம் என்று அரசியலமைப்பின் 93ஆம் பிரிவில் எழுதிக்கொண்டார்கள். அன்று இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் கணக்கிலேயே இல்லை. உயர்நிலை வகுப்புகள் முழுவதற்கும் பணம் தருவதாக முதல்வர் பில் டேவிஸ் அறிவித்தது 1984இல்தான்.

மற்ற மதத்தார் சும்மா இருக்கவில்லை. யூதப் பெற்றோரும், தனியார் கிறிஸ்தவப் பள்ளிப் பெற்றோரும் தொடுத்த ஆட்லர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது: இது அரசியலமைப்பிலேயே இருக்கும் ஏற்பாடு, சமத்துவ உரிமையைக் காட்டி மற்றவர்கள் அதே பணத்தைக் கேட்க முடியாது என்று. பிள்ளைகளை யூதப் பள்ளிக்குப் பணம் கட்டி அனுப்பிய வால்ட்மன் என்பவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போனார். 1999இல் அந்தக் குழு, இது பாகுபாடுதான் என்று தெளிவாகச் சொன்னது. ஒரு மதத்துப் பள்ளிக்குப் பணம் கொடுத்தால் மற்றவற்றுக்கும் கொடு, இல்லையென்றால் யாருக்கும் கொடுக்காதே என்பதுதான் அதன் சாரம். ஒன்டாரியோ அசையவில்லை. 2007 மாகாணத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் ஜான் டோரி எல்லா மதப் பள்ளிகளுக்கும் பணம் தருவதாக வாக்குறுதி கொடுத்துப் பார்த்தார். கட்சி தோற்றது, அவர் தொகுதியும் போயிற்று. அதற்குப் பிறகு பெரிய கட்சிகள் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நம் ஊரில் அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது விநோதமாகத்தான் படுகிறது. அங்கே உதவி தரும்போது சிறுபான்மை நிர்வாகம் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சொல்கிறது. கிறிஸ்தவப் பள்ளிக்கும் உதவி உண்டு, முஸ்லிம் பள்ளிக்கும் உண்டு. இங்கே இஸ்லாமியப் பள்ளியோ சீக்கியப் பள்ளியோ யூதப் பள்ளியோ நடத்தினால் மாகாணத்திடமிருந்து நடத்தும் செலவுக்குப் பணம் வராது, பெற்றோர்தான் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். அப்படிப் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: பள்ளி பதிவுபெற்ற தொண்டு நிறுவனமாக இருந்தால், மதக்கல்விக்குரிய பகுதிக்கு நன்கொடை ரசீது தரலாம். வரி தாக்கல் செய்யுமுன் கேட்டு வாங்குங்கள்.

ஹைஸ்கூலில் கதை மாறும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கத்தோலிக்கப் பள்ளி எல்லா மதத்தாருக்கும் திறந்தது, ஞானஸ்நானம் தேவையில்லை. நண்பர்கள் போகிறார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவனும் அங்கே போனான். முதல் ஆண்டு பிப்ரவரியில் ஒரு நாள் நெற்றியில் சாம்பலோடு வந்து நின்றான். ஊரிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு ஒரே பூரிப்பு: "பள்ளிக்கூடத்துலயே திருநீறு பூசி அனுப்புறாங்களா!" கிட்டப்போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தார். சிலுவை. அன்று சாம்பல் புதன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாம்பல் சாம்பல்தானே" என்று தோசை ஊற்றப் போய்விட்டார்.

மதக்கல்வி வேண்டாம் என்றால் சட்டத்தில் வழி இருக்கிறது. பொதுப் போர்டில் சேரத் தகுதியுள்ள பிள்ளை கத்தோலிக்க ஹைஸ்கூலில் படித்தால், பெற்றோர் எழுத்தில் கேட்டவுடன் விலக்குத் தர வேண்டும். 2014இல் டிவிஷனல் கோர்ட் தீர்ப்பு ஒன்று, பள்ளியில் நடக்கும் பூசைக்கும் தியான முகாமுக்கும்கூட இந்த விலக்குப் பொருந்தும் என்று சொன்னது. நாங்கள் கேட்டபோது, "விலக்கு வாங்கினால் கிராஜுவேஷனில் சிக்கல் வரலாம்" என்று பள்ளியில் மெல்ல பயமுறுத்திப் பார்த்தார்கள். ஒரு வரி மின்னஞ்சல் போட்டு, சட்டத்தில் எந்தப் பிரிவு அப்படிச் சொல்கிறது என்று கேட்டேன். மூன்றாம் நாள் ஃபாரம் வந்தது. வாய்ப்பேச்சாக எதையும் விடாதீர்கள்.

எந்தப் போர்டாக இருந்தாலும், உங்கள் மதத்தின் புனித நாளில் பிள்ளை வராமல் இருக்கக் கல்விச் சட்டத்திலேயே அனுமதி இருக்கிறது. தீபாவளிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள். முன்கூட்டியே ஒரு குறிப்பு அனுப்பி, அன்று பரீட்சை இருந்தால் தேதி மாற்றித் தரக் கேளுங்கள். தமிழ் வகுப்பு வேண்டுமா? 25 பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து கேட்டால் போர்டு சர்வதேச மொழி வகுப்பு நடத்த வேண்டும். தமிழ் பல இடங்களில் சனிக்கிழமைகளில் ஏற்கெனவே நடக்கிறது.

வீடு வாங்கியவர்களுக்கு இன்னொன்று. சொத்து மதிப்பீட்டுப் பதிவில் நீங்கள் எந்தப் பள்ளி அமைப்பை ஆதரிப்பவர் என்று இருக்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஆங்கிலப் பொது. கத்தோலிக்கராக இல்லாமல் கத்தோலிக்க அமைப்புக்கு மாற்ற முடியாது. இதனால் எந்தப் பள்ளிக்குப் பணம் போகிறது என்பது இப்போது மாறுவதில்லை. 1998 முதல் மாணவர் எண்ணிக்கையை வைத்து மாகாணமே பங்கிடுகிறது. டிரஸ்டி (போர்டு உறுப்பினர்) தேர்தலில் எந்தப் போர்டுக்கு ஓட்டு என்பதை மட்டும் அது தீர்மானிக்கும். ஹைஸ்கூல் பிள்ளை கத்தோலிக்கப் பள்ளியில் படித்தாலும், எனக்கு அந்தப் போர்டில் ஓட்டு இல்லை.

பி.எட். முடித்து வந்தவர்கள் வேலை தேடும்போது இதையும் நினைவில் வையுங்கள்: கத்தோலிக்கப் போர்டுகள் ஆசிரியர் வேலைக்குக் கத்தோலிக்கருக்கு முன்னுரிமை தரலாம், பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பார்கள். முதலில் பொதுப் போர்டுகளில் விண்ணப்பியுங்கள்.

கால்கரிக்குப் போவதாக எழுதியிருந்த தம்பிக்கு: ஆல்பர்ட்டாவிலும் கத்தோலிக்கப் போர்டுகளுக்கு முழுப் பணம் உண்டு. ஆனால் அங்கே தனியார் மதப் பள்ளிகளுக்கும் மாகாணம் ஒரு பகுதி தருகிறது. வான்கூவர் பக்கம் கத்தோலிக்கப் பள்ளியும் தனியார்தான், பாதியளவு மானியம், மீதி ஃபீஸ். கியூபெக்கின் மாண்ட்ரியால் என்றால், 1997இல் அரசியலமைப்பையே திருத்தி, மதவாரிப் போர்டுகளை மறுவருடம் மொழிவாரிப் போர்டாக மாற்றிவிட்டார்கள். அங்கே உங்கள் தலைவலி மதம் அல்ல, பிரெஞ்சு மொழி. அதற்குத் தனியாக ஒருவர் எழுத வேண்டும்.