டிரிம்மரையும் ஷேவரையும் ஒரே யூ.எஸ்.பி. சார்ஜரில் சார்ஜ் செய்ய முடியுமா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

அனைவருக்கும் வணக்கம். உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக அப்பாவை அழைத்துக்கொண்டு மூன்று வாரப் பயணமாகக் காரைக்குடிக்கும் மதுரைக்கும் செல்லவிருக்கிறேன். பெட்டி முழுக்கக் கம்பியும் அடாப்டருமாக இருக்கக் கூடாது என்பதால், கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் பயன்படுத்தும் 65 வாட் சார்ஜரையும், இருமுனையும் டைப்-சி ஆன கேபிள் ஒன்றையும் மட்டும் எடுத்துச் செல்ல எண்ணியிருந்தேன்.

என் தாடி டிரிம்மரிலும் டைப்-சி துளைதான் இருக்கிறது. ஆனால் இந்தச் சார்ஜரில் இணைத்தால் அதன் சிவப்பு விளக்கு எரிவதே இல்லை. கேபிளைத் திருப்பிச் செருகினேன், வேறு பிளக் பாயிண்டில் மாட்டினேன், ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டும் பார்த்தேன், பயனில்லை. வாங்கிய கடையில் கேட்டபோது, அதிக வாட் சார்ஜர் என்பதால் உள்ளே கருகியிருக்கும், புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்கி நான்கு மாதமே ஆகிறது என்பதால் மனம் ஒப்பவில்லை.

அப்பாவின் ஷேவருக்கு இரண்டு உருண்டை முள் கொண்ட தனி அடாப்டர் இருக்கிறது. ஷேவரில் செருகும் பக்கம் அதே வடிவ முனையுள்ள யூ.எஸ்.பி. கேபிள்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. வாங்கலாமா? முகம் மழிக்காமல் அப்பா வாசற்படி தாண்ட மாட்டார்; அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

மின்கம்பி (பினாங்கு):

வணக்கம் ஐயா. உங்கள் டிரிம்மர் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும்; தயவுசெய்து அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டைப்-சி துளையுள்ள சார்ஜர், எதிர்முனையில் ஒரு கருவி இருப்பதை உறுதி செய்துகொள்ளும் வரை மின்சாரத்தை வெளியே விடுவதில்லை. அந்த அடையாளத்தைக் கொடுப்பது கருவிக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடை. சில காசு பெறாத இந்தச் சிறு பொருளை மலிவான டிரிம்மர், கையடக்க விசிறி, விளக்கு போன்றவற்றில் தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், சார்ஜரைப் பொறுத்தவரை அங்கே எதுவுமே இணைக்கப்படவில்லை. ஆனால் பழைய அகலத் துளையான டைப்-ஏ, இப்படி எதையும் கேட்காமல் 5 வோல்ட்டை எப்போதும் தந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு முனை டைப்-ஏ, மறுமுனை டைப்-சி ஆன கேபிளை எடுத்து, டைப்-ஏ துளையுள்ள சாதாரணக் கைப்பேசி சார்ஜரில் இணைத்துப் பாருங்கள். டிரிம்மருடன் பெட்டியில் வந்த குட்டைக் கேபிளும் அந்த வகையாகத்தான் இருக்கும்.

கடையில் சொன்ன காரணத்தை ஏற்பதற்கில்லை. 65 வாட் என்பது சார்ஜரால் தர முடிந்த உச்ச அளவு மட்டுமே. கருவி முறையாகக் கேட்டால் ஒழிய அது 5 வோல்ட்டுக்கு மேல் போகாது, மின்னோட்டத்தையும் கருவி தனக்கு வேண்டிய அளவே இழுத்துக்கொள்ளும்.

அப்பாவின் ஷேவர் விஷயத்தில்தான் உண்மையான கவனம் தேவை. அடாப்டரின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வெளியீட்டு வோல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். ஒரே நிறுவனத்தின் ஷேவர்களிலேயே சில 15 வோல்ட்டிலும், சில 8 அல்லது 4.3 வோல்ட்டிலும் இயங்குகின்றன. 15 வோல்ட் ஷேவருக்கு வெறும் 5 வோல்ட் கேபிளைக் கொடுத்தால் சார்ஜ் ஏறாது. வோல்ட்டை உயர்த்தித் தரும் கேபிளும் உண்டு; அதைத் தவறுதலாக 4.3 வோல்ட் கருவியில் செருகினால் அதன் மின்சுற்றே பழுதாகலாம். வோல்ட் எவ்வளவு என்று தெளிவாக அச்சிடாத கேபிளை அப்பாவின் ஷேவருக்கு நான் வாங்க மாட்டேன்.

பயணப்பை (கோலாலம்பூர்):

அண்ணா, அந்த அடாப்டரையே எடுத்துச் செல்லுங்கள் என்பது என் கருத்து. நம் நாட்டுச் சுவரில் இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக மேல் துளையில் பேனா மூடியை நுழைக்கும் ஆபத்தான பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் துளைகள் உருண்டை வடிவம் என்பதால், அந்த இரண்டு முள் பிளக் பெரும்பாலும் நேரடியாகவே பொருந்திவிடும்; பழைய வீடுகளில் சற்றுத் தளர்வாக இருக்கலாம், அவ்வளவுதான். மாற்றுச் செருகி தேவைப்படுவது நம்முடைய தட்டை முள் கொண்ட 65 வாட் சார்ஜருக்குத்தான். இரு நாடுகளிலும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் வோல்ட் மாற்றும் கருவி எதுவும் வேண்டாம்.

பவர் பேங்கை நம்பிச் செல்வதாக இருந்தால் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிரிம்மர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிச் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். என்னுடைய புருவ டிரிம்மர் இப்படித்தான் பாதியில் நின்று, திருமணத்தன்று காலையில் என்னைக் கைவிட்டது. பொத்தானை இருமுறை அழுத்தினால் குறைந்த மின்னோட்டத்திற்கு மாறும் வகையும் கிடைக்கிறது. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லிஆம்பியர்-மணி என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணி என்பதால் அது இந்த வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் விமானத்திற்குள் அதைப் பயன்படுத்தப் பல விமான நிறுவனங்கள் விடுவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1 ஏப்ரல் 2025 முதல் தடை செய்திருக்கிறது.

ஷேவரைக் கழுவியிருந்தால், துளை நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய டைப்-ஏ கேபிளை எடுத்து, அம்மாவின் கைப்பேசி சார்ஜரில் இணைத்தவுடன் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பாவின் அடாப்டரில் 15 வோல்ட் என்றிருக்கிறது. உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்றும் அச்சிட்டிருப்பதால் அதையே எடுத்துச் செல்கிறோம். யூ.எஸ்.பி. கேபிள் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். நாளை மாற்றுச் செருகி ஒன்றை மட்டும், சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கப் போகிறேன்.