பிளஸ் டூவுக்கு அப்புறம் கணிதம், கணினி இரண்டையும் சேர்த்துப் படிக்க எந்தப் பட்டம்?

மலர்_தென்காசி

வணக்கம். பிளஸ் டூ படிக்கிறேன், கணிதம் - கணினி அறிவியல் பிரிவு. அரையாண்டில் கணிதம் 96. இந்த வருடப் பாடத்தில் பைத்தான் வந்ததிலிருந்து அதிலும் ஆசை. ஆனால் கணக்கை விட மனசில்லை. அப்பா "பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, வேலை கிடைக்கும்" என்கிறார். எங்கள் கணக்கு டீச்சர், பி.எஸ்சி. கணிதம் எடுத்துக் கணினியைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். இரண்டையும் சமமாகப் படிக்க வழி இருக்கிறதா? வீட்டில் பெரிய ஃபீஸ் கட்ட முடியாது.

ஓஎம்ஆர்_குமார்

தங்கச்சி, நான் ஐடியில் இருக்கிறேன். அண்ணா பல்கலை வளாகத்திலோ நல்ல அரசுக் கல்லூரியிலோ சிஎஸ்இ, அதாவது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். டிசிஎஸ், விப்ரோ போன்ற கம்பெனிகள் பி.எஸ்சி. முடித்தவர்களையும் எடுக்கிறார்கள், ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவு. அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நெல்லை_கணக்கு_வாத்தியார்

மலர், நான் கலைக் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே. பாடத்திட்டத்தை இறக்கி, எத்தனை தாள் கணிதம், எத்தனை தாள் கணினி என்று நீயே எண்ணிப் பார். எங்களிடம் சேர வரும் பிள்ளைகளில் இதைச் செய்துவிட்டு வருபவர்கள் மிகக் குறைவு. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்ட ஒழுங்குமுறையில் சிஎஸ்இ மாணவருக்கு முதல் பருவத்தில் அணிகளும் நுண்கணிதமும், இரண்டாவதில் புள்ளியியலும் எண்சார் முறைகளும், மூன்றாவதில் டிஸ்க்ரீட் மேத்ஸும் இருந்தன. கணிதத் துறை நடத்தும் கட்டாயத் தாள்கள் அத்தோடு சரி. நான்காம் பருவத்து அல்காரிதம்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் இரண்டும் உண்மையில் கணிதம்தான். ஆனால் நிரூபணத்தை ஊன்றி நடத்த நல்ல ஆசிரியர் அமைய வேண்டும். அதே ஒழுங்குமுறையில் கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் மைனர் பட்டம், அதாவது வேறொரு துறையில் துணைப் பட்டம் வாங்கலாம் என்றிருந்தது. அது உனக்கு உதவாது. ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்பம்), தொழில்முனைவு, பொது நிர்வாகம் என்று போனது, கணிதம் வரவில்லை.

பி.எஸ்சி. கணிதத்தில் குறை நேர் எதிர்ப்பக்கம். மெய்ப்பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்), இயற்கணிதம், கிராஃப் தியரி எல்லாம் நன்றாக வரும். கணினித் துணைப்பாடம் மட்டும் பல கல்லூரிகளில் ஒரு வருடத்தோடு, ஒரு மொழியும் ஒரு லேபுமாக முடிந்துவிடும். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் பக்கமே போகாது.

நீ கேட்கிற மாதிரியே ஒரு பட்டம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம், சிஎம்ஐ. கணிதமேதை சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கியது. அங்கே பி.எஸ்சி. ஹானர்ஸ் பட்டத்தின் பெயரே கணிதமும் கணினி அறிவியலும். ஒரே வகுப்பில் அனாலிசிஸும் அல்காரிதமும் படிக்கலாம். முதல் புரோகிராமிங் பாடத்தை, ஃபங்ஷன்களை வைத்தே நிரல் எழுதும் ஹாஸ்கெல் மொழியில் நடத்தியிருக்கிறார்கள். ஃபங்ஷன் என்பதைக் கணிதப் பொருளிலேயே பிடித்துக்கொள்ள அது எவ்வளவு நல்ல தொடக்கம்! கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. பெங்களூர் ஐஎஸ்ஐயின் (இந்தியப் புள்ளியியல் கழகம்) பி.மேத் என்ற கணிதப் பட்டத்தையும் பார். கல்விக் கட்டணம் கிடையாது, நன்றாகப் படித்தால் மாத உதவித்தொகை. ஆனால் அங்கே கணிதத்தின் பங்கு அதிகம். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்துச் சேரும் 5 ஆண்டு எம்.எஸ்சி. தியரட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது. அதில் கணினியின் பங்கு அதிகம்.

சிஎம்ஐ, ஐஎஸ்ஐ இரண்டுக்கும் தனி நுழைவுத் தேர்வு. பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு இடம் கிடைக்காது. இன்றிரவு இதைப் போட்டுப் பார்: 6 பேர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையொருவர் அறிந்த மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள். ஏன்? புத்தகத்தைத் தேடாதே. விடை வராவிட்டாலும் யோசிப்பது பிடித்திருக்கிறதா என்று சொல்.

சிஎம்ஐ_இரண்டாம்_ஆண்டு

சார் சொன்னதோடு கொஞ்சம். சிஎம்ஐ நுழைவுத் தேர்வு வழக்கமாக மே மாதம் வரும். ஒரு பகுதி சிறு விடை, இன்னொன்றில் முழு நிரூபணமும் எழுத வேண்டும். பழைய வினாத்தாள்கள் தளத்திலேயே கிடைக்கும். கோச்சிங் போகாமலே வந்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். நானும் தமிழ் வழியில் படித்தவன்தான். முதல் பருவம் ஆங்கிலம் கஷ்டமாக இருந்தது, கணக்கு கைகொடுத்தது.

மலர்_தென்காசி

சார், வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். மீதி 5 பேரில் அவருக்குத் தெரிந்தவர்கள் 3 பேராவது, இல்லை தெரியாதவர்கள் 3 பேராவது இருந்தே ஆக வேண்டும். தெரிந்தவர்கள் 3 பேர் என்றால், அந்த மூவருக்குள் யாராவது இருவர் அறிமுகமானவர்களாக இருந்தால் இவரோடு சேர்த்து மூவர் ஆகிவிடும். அப்படி யாருமே இல்லையென்றால் அந்த மூவரே ஒருவரையொருவர் அறியாதவர்கள். தெரியாதவர்கள் 3 பேர் என்றாலும் இதே வழிதான். தூங்கவே தோன்றவில்லை சார். ஆனால் நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால்?

நெல்லை_கணக்கு_வாத்தியார்

நிரூபணம் முழுமை. ஒரு ஓட்டையும் இல்லை.

கிடைக்காவிட்டால், வீட்டுக்குப் பக்கத்து அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர். கூடவே ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் எடு. ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் அனுமதித்துவிட்டது. ஜேஇஇ தேவையில்லை, தகுதிச் சுற்று உண்டு, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. முழுப் பட்டமாக முடிக்க முடியாவிட்டாலும் டிப்ளமோவோடு வெளியே வரலாம். பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ் என்று துணைப்பாடத்தில் விடுபட்டதெல்லாம் அதில் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்ததும் நிம்செட் நுழைவுத் தேர்வு எழுதி என்ஐடியில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) எம்சிஏ போகலாம். அப்பாவிடம் இதையும் சொல், வேலைக்கான வழி அடைபடாது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

சிஎம்ஐ விண்ணப்பத் தேதியைத் தளத்தில் பார்த்து இப்போதே குறித்து வை. அப்புறம், 6 பேருக்குப் பதில் 5 பேர் என்றால் அந்தக் கூற்று பொய்த்துவிடும். ஐவரை வட்டமாக உட்காரவைத்துப் பார்.