புதிய சார்ஜர் காரை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்: டாட்ஜ் இனி எந்தப் பக்கம் போக வேண்டும்?

தொடக்கப் பதிவு (டெட்ராய்ட் புறநகர், மிச்சிகன்)

டாட்ஜ் நிறுவனத்தின் சார்ஜர் கார் பற்றிய விவாதமெல்லாம் படங்களை வைத்தே நடக்கிறது. இந்த வண்டியின் அளவு படத்தில் பிடிபடாது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதனால் பழையதோ புதியதோ, நேரில் பார்த்தவர்கள், ஓட்டியவர்கள், அதோடு ஏதாவது தொடர்பு உள்ளவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். நானே தொடங்குகிறேன்.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் அவென்யூ எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். பழைய கார்கள் வரிசையாக ஓடும் ட்ரீம் க்ரூஸுக்காக ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் வரை சாலையோரம் முழுக்க மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ராயல் ஓக் அருகே ஒரு பார்க்கிங்கில் 1968 சார்ஜர் ஒன்றும், புதிய எலெக்ட்ரிக் சார்ஜர் டேட்டோனா ஒன்றும் அடுத்தடுத்து நின்றன. இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து வெகுநேரம் பார்த்தேன்.

நீளத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பழையது 208 அங்குலம், புதியது 206-க்கு மேல். ஆனால் புதியது எவ்வளவோ பெரிதாகத் தெரிகிறது. தரைக்கு அடியில் 100 கிலோவாட்-மணி பேட்டரி படுத்திருக்கிறது, அதன் மேல்தான் ஆள் உட்கார வேண்டும். கூரை மேலே போகிறது, கதவின் மேல்விளிம்பும் கூடவே ஏறுகிறது. எடை 5,800 பவுண்டுக்கு மேல். இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு 1968-இன் நினைவு வரும்படி கோடு இழுத்திருக்கிறார்களே, அதற்கே அந்த வடிவமைப்பாளர்களைப் பாராட்ட வேண்டும்.

பழைய வண்டியின் சொந்தக்காரர் ஒரு பெரியவர். ஹெட்லைட் மூடிகளைத் திறந்து காட்டினார். 1966, 67 மாடல்களில் அதைத் திருப்ப மின்மோட்டார் இருந்தது, 68-இல் எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலில் திறக்கும்படி மாற்றினார்கள். விளக்கு மூடியிருக்கும்போது முன்பக்கம் முழுவதும் ஒரே கறுப்பு வாய். இடுப்பில் ஒடுங்கி, பின்சக்கரத்தின் மேல் திமிறும் அந்த கோக் பாட்டில் வளைவு. கூரையின் இரு ஓரங்களும் பின்கண்ணாடியைத் தாண்டி டிக்கிவரை சரிந்து இறங்கும். அந்த ஆண்டு 35,000 விற்றால் போதும் என்று எதிர்பார்த்த நிறுவனம் 96,000-க்கு மேல் விற்றது. அந்தப் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பார்த்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அந்த அழகுக்குப் பந்தயத் தடத்தில் ஒரு விலை இருந்தது. உள்வாங்கிய கிரில் (முன்பக்கச் சல்லடை) காற்றை அள்ளித் தேக்கியது. குழிந்த பின்கண்ணாடிக்குப் பின்னால் காற்று சுழன்று வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கியது. அதற்கு முந்தைய 1966 வண்டிக்கும் இதே தொல்லைதான், பின்னால் காற்றைத் தடுக்கும் சின்னத் தகடு (ஸ்பாய்லர்) ஒட்டித்தான் ஓட்டினார்கள். 1969-இல் சார்ஜர் 500 வந்தது: கிரிலை முன்னே இழுத்தார்கள், பின்கண்ணாடியைக் கூரையோடு சமமாக்கினார்கள். அதுவும் போதவில்லை. அதே ஆண்டு கூர்மூக்கும், 23 அங்குல உயர இறக்கையுமாக சார்ஜர் டேட்டோனா பிறந்தது, புதிய எலெக்ட்ரிக் வண்டிக்கும் அந்தப் பெயர்தான். 1970 மார்ச்சில் அலபாமாவின் டல்லடேகா பந்தயத் தடத்தில் ஓட்டுநர் பட்டி பேக்கர் அந்த 1969 வண்டியை மணிக்கு 200 மைலுக்கு மேல் ஓட்டினார். சுற்றி வரும் மூடிய தடத்தில் ஒரு நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு) வண்டி அந்த வேகத்தைத் தொட்டது அதுவே முதல் முறை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு புதிய எலெக்ட்ரிக் வண்டியின் மூக்கருகே குனிந்தேன். ஆர்-விங் என்கிறார்களே, அதன் அடியில் கை நுழைகிறது! மூக்கின் மேல்விளிம்பு ஒரு இறக்கை, காற்று அதன் அடியில் புகுந்து பானெட்டின் மேல் வெளியே வருகிறது. பார்வைக்கு அது 1968-இன் நேர்க்கோட்டு முகம், செய்கிற வேலையோ 1969 டேட்டோனாவின் மூக்கு செய்த வேலை. சார்ஜரின் எதிர்காலம் எங்கே என்று என்னைக் கேட்டால் அந்த இடைவெளியைத்தான் காட்டுவேன். விளக்குப் பட்டையையும் டாட்ஜின் பழைய மூன்று முனைச் சின்னமான ஒளிரும் ஃப்ராட்ஸாக் முத்திரையையும் எந்தக் கம்பெனியும் செய்துவிடும். காற்றோடு மோதி மோதியே உருவம் மாறி வந்த வண்டி இது. அடுத்த சார்ஜரும் அப்படியே வரட்டும்.

பதில் (பிரம்டன், ஒன்ராறியோ)

அண்ணா, உங்கள் பதிவு வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மாமா இங்கே பிரம்டன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சார்ஜர், சாலஞ்சர், கிறைஸ்லர் 300 மூன்றும் ஒரே லைனில்தான் வந்தன. 2023 டிசம்பரோடு அது முடிந்தது. இப்போது புதிய சார்ஜர் வின்சரில் வருகிறது, பசிபிக்கா வானும் அங்கேதான் வருகிறது.

நான் சொல்ல வந்தது நாலு கதவு விஷயம். 2006 மாடலில் சார்ஜர் என்ற பெயரை நாலு கதவு வண்டிக்கு வைத்தபோது பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். மாமா அதைப் பற்றிக் கதைக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "அந்த நாலு கதவுதான் இந்தப் பெயரைக் காப்பாற்றினது." 2011-க்குப் பிறகு வந்த வண்டியைப் பாருங்கள். பின்னால் முழு அகலத்துக்கும் ஓடுகிற அந்தச் சிவப்பு வளையத்தை 401 நெடுஞ்சாலையில் இரவில் ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தே சார்ஜர் என்று சொல்லலாம். பொலிஸ் வண்டி என்றாலும் அதுதான், பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்றாலும் அதுதான்.

கடையில் புதியதைப் பார்க்க மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் அவர் தடவிப் பார்த்தது கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கைத்தான், அது வேலைப் பழக்கம். பிறகு பின்னால் போய் நின்று, "வடிவாத்தான் இருக்கு" என்றார். முன்பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான். நீங்கள் காற்று போகிற வழியைப் பார்க்கிறீர்கள், நான் தூரத்தில் வைத்தே அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். டெயில் லைட்டைத் தொடாமல் விட்டால் மற்றதை எப்படி மாற்றினாலும் எனக்குச் சம்மதம்.

பதில் (டல்லாஸ் பக்கம், டெக்சாஸ்)

புதிய எலெக்ட்ரிக் வண்டியை ஓட்டிப் பார்த்தேன், அதன் அதிவேக வகையான ஸ்கேட் பேக், 670 குதிரைத்திறன். வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. தோற்றத்தில் எனக்குப் பிடித்தது பின்கதவு. கூபே (இரண்டு கதவு வண்டி) மாதிரி தெரிகிறது, ஆனால் கண்ணாடியோடு சேர்ந்து மொத்தமும் மேலே திறக்கிறது, பின்சீட்டை மடக்கினால் சைக்கிளே வைக்கலாம். இது புதுமை இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1966 சார்ஜரிலும் பின்னால் இரண்டு தனி இருக்கைகள், இரண்டும் மடங்கித் தட்டையாகும்.

எஞ்சின் மாதிரி எழுப்புகிற செயற்கைச் சத்தம்தான் ஒட்டவில்லை. வெளியே நின்று கேட்டபோது பரவாயில்லை, உள்ளே இருந்தால் ஐந்து நிமிடத்தில் அணைக்கத் தோன்றுகிறது. வடிவம் உண்மையாக இருக்கும்போது சத்தம் மட்டும் ஏன் நடிக்க வேண்டும்?

பதில் (மிச்சிகன், வாகன உடல் பொறியியலில் இருப்பவர்)

1968-ஐ அப்படியே திருப்பிச் செய்யுங்கள் என்று கேட்பவர்களுக்காக ஒரு விஷயம். அந்த வண்டியில் நடுத்தூண் கிடையாது. இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கினால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு, அந்த மெல்லிய கூரை மிதக்கிற மாதிரி தெரிவது அதனால்தான். இன்றைய பக்க மோதல் சோதனையை வைத்துக்கொண்டு அதைச் செய்வது மிகக் கடினம். தூண் வரும், கண்ணாடி சிறுக்கும், கதவு உயரும். புதிய வண்டியில் தூணைக் கறுப்பாக்கிக் கண்ணாடிக்குள் மறைத்திருப்பதைக் கவனித்தீர்களா? வடிவமைக்கும்போது செய்கிற களிமண் மாடலில் அந்த ஒரு கோட்டுக்காக எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்கும்போது மரியாதைதான் வருகிறது.

தொடக்கப் பதிவர்

பிரம்டன் தம்பி, உங்கள் மாமா சொன்னது சரி. டெயில் லைட் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. நாலு கதவைப் பற்றியும் எனக்குச் சண்டை இல்லை. இப்போது இரண்டு கதவும் நாலு கதவும் ஒரே உடல்கோட்டில் வருகின்றன, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் சட்டெனத் தெரிவதில்லை.

எனக்குக் கவலை தருவது பெட்ரோல் சிக்ஸ்பேக். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. எஞ்சின் திரும்பி வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதில் ஆர்-விங் இல்லை. எஞ்சினுக்கு இடம் வேண்டுமே, பானெட் நடுவில் மேடாகி மூக்கு மூடிக்கொண்டது. ஒரே பெயரில் இரண்டு முகம். விற்பனை பெட்ரோல் பக்கம் சாய்ந்தால் அடுத்த திருத்தத்தில் இறக்கையை மொத்தமாகவே எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான்: எஞ்சின் வண்டிக்கும் காற்று போக ஒரு வழி செய்து கொடுங்கள். முழு இறக்கை முடியாவிட்டால் ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்று பானெட் மேலே வெளியேற உண்மையான திறப்பு வையுங்கள், பொய்யான பிளாஸ்டிக் துளை வேண்டாம். கூரையை இரண்டு அங்குலம் இறக்க முடிந்தால் இறக்குங்கள். 1968-இன் டெயில் லைட் உருண்டை, 1969-இல் நீளமானது, ஒரே வருடத்தில் மாறியும் சார்ஜர் சார்ஜராகவே இருந்தது. அதனால் விளக்கின் வடிவத்துக்காக நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன், அது பின்பக்கம் முழுக்க நிறைந்திருந்தால் போதும்.

சிக்ஸ்பேக்கையும் எலெக்ட்ரிக்கையும் பக்கம் பக்கமாகப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், பானெட் உயர வித்தியாசம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எப்படித் தெரிகிறது என்று எழுதுங்கள். அதை நான் இன்னும் பார்க்கவில்லை.