பேனலில் உள்ள வெர்வ் கட்டளைப் பெட்டியில் வெளியீடு தெரியவில்லை

கேள்வி:
டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தைப் பயன்படுத்துகிறேன். திரையோரப் பட்டையான பேனலில் சேர்த்துள்ள, கட்டளைகளைத் தட்டி இயக்க உதவும் வெர்வ் பெட்டியில் 'ஃபயர்ஃபாக்ஸ்' என்று தட்டினால் உலாவி உடனே திறக்கிறது. ஆனால் வட்டில் மீதமுள்ள இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையைக் கொடுத்தால் திரையில் எதுவும் தோன்றுவதில்லை. இதற்கு வழி உண்டா? சுட்டியைத் தொடாமலேயே பெட்டிக்குச் செல்ல முடியுமா?

பதில் 1:
உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. வெர்வ் கட்டளையை இயக்கிவிடுகிறது. ஆனால் பேனலுக்குப் பின்னால் முனையம் (கட்டளைகளைத் தட்டி, அவற்றின் வெளியீட்டைப் பார்க்கும் சாளரம்) இல்லாததால், அந்தக் கட்டளை அச்சிடும் வரிகளைக் காட்டுவதற்கு இடமில்லை. எக்ஸ்எஃப்சிஇ முனையத்தை 'ஹோல்ட்' விருப்பத்துடன் அழைத்து, அதன் வழியாக 'டிஎஃப்' கட்டளையைக் கொடுத்தால், வேலை முடிந்த பிறகும் சாளரம் மூடாமல் நிற்கும், நிதானமாகப் படிக்கலாம்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு: அமைப்புகள் மேலாளரில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று, பயன்பாட்டுக் குறுக்குவழிகளில் 'வெர்வ்-ஃபோகஸ்' என்ற கட்டளைக்கு உங்களுக்குப் பிடித்த விசைச் சேர்க்கையை ஒதுக்குங்கள். அதை அழுத்தியதும் பெட்டி தட்டச்சுக்குத் தயாராகிவிடும். மேல் அம்புக்குறி பழைய கட்டளைகளைத் திரும்பக் கொண்டுவரும். டேப் விசை பாதி தட்டிய பெயரை நிறைவு செய்யும். இணைய முகவரியையோ கோப்புறையின் பாதையையோ தட்டினாலும் திறந்துகொள்ளும் என்பதே இதில் எனக்கு மிகவும் பயன்பட்ட வசதி.

பதில் 3:
முதல் பதிலில் உள்ள வழி சரியானதுதான். ஆயினும் அடிக்கடி வெளியீட்டைப் பார்க்க வேண்டியவர்கள், அதே முனையத்தின், திரையின் மேலிருந்து கீழிறங்கும் சாளர வசதியை எஃப்12 விசைக்கு ஒதுக்கிக்கொண்டு, வெர்வை நிரல்களைத் திறக்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.