எழுத முடியாத ஊடகத்திலிருந்து இயங்கும் லைவ் லினக்ஸ், நாம் சேமிக்கும் கோப்புகளை எங்கே வைக்கிறது?

நூலகக்கணினி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்திற்கு நன்கொடையாக வந்த பழைய கணினிகளை, வாசகர்கள் இணையம் பார்க்கவும் விண்ணப்பங்கள் நிரப்பவும் உதவும் வகையில் தயார் செய்து வருகிறேன். ஒவ்வொன்றிலும் 4 ஜிபி ரேம் இருக்கிறது. வன்வட்டுகள் பழுதாகியிருந்ததால் அவற்றைக் கழற்றிவிட்டு, டெபியன் லைவ் (வட்டில் நிறுவாமலே ஊடகத்திலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸ்) ஐஎஸ்ஓ படிமத்தைப் பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே இயக்குகிறேன். யார் என்ன மாற்றினாலும் மறுநாள் காலையில் கணினி பழைய நிலையிலேயே எழும்புவது எங்களுக்கு மிகவும் வசதியாக உள்ளது.

ஆனால் சில விஷயங்கள் புரியவில்லை. பென்டிரைவில் உள்ள கோப்பு முறைமை படிக்க மட்டுமே இயலும் வகையைச் சேர்ந்தது என்கிறார்கள். அப்படியானால் நான் ஒரு கோப்பைச் சேமிக்கும்போதும், புதிய மென்பொருளை நிறுவும்போதும் அது எங்கே போய் அமர்கிறது? இடம் போதவில்லை என்று கணினி சொன்னதால், தேவையற்ற பெரிய மென்பொருள்கள் சிலவற்றை நீக்கினேன். காலி இடம் கூடவே இல்லை. மாலை நேரத்தில் கணினிகள் மிகவும் மெதுவாகி, பென்டிரைவின் விளக்கு மட்டும் இடைவிடாமல் மினுங்குகிறது. ஒரு முறை ஒரு மாணவர் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டார். அதன் பிறகும் உலாவி சற்று நேரம் ஓடி, பின்னர் நின்றுபோனது. கணினியை அணைத்தாலும் மாற்றங்களை வைத்திருக்கும் நிலைத்த சேமிப்பு வசதியை இயக்கிவிட்டால் இவையெல்லாம் சரியாகிவிடுமா? காரணங்களோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கர்னல்வாசி:

வணக்கம். துவக்கத்தில் நடப்பதை வரிசையாகப் பார்த்தால் உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

ஐஎஸ்ஓ 9660 என்னும் கோப்பு முறைமை தன் முதல் 16 பிரிவுகளை, அதாவது ஒவ்வொன்றும் 2048 பைட்டுகளாக மொத்தம் 32,768 பைட்டுகளை, தான் பயன்படுத்தாமல் விட்டுவைக்கிறது. டெபியன் படிமத்தில் அந்த இடத்தில் ஒரு பகிர்வு அட்டவணையை எழுதியிருக்கிறார்கள். அதனால் அதே படிமம் டிவிடியில் இருக்கும்போது 1995இல் வந்த எல் டொரிட்டோ முறைப்படியும், பென்டிரைவில் இருக்கும்போது ஒரு சாதாரண வன்வட்டைப் போலவும் துவங்குகிறது. கணினியின் ஃபர்ம்வேர், அதாவது தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள மென்பொருள், துவக்க நிரலை எடுக்கிறது. அந்த நிரல் லைவ் என்ற கோப்புறையிலிருந்து கர்னலையும் (இயங்குதளத்தின் மையக்கரு) இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பையும் (துவக்கத்துக்கு மட்டும் தேவையான சிறு கோப்புத் தொகுப்பு) ரேமில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்கிறது.

இந்தக் கட்டத்தில் கர்னலுக்குப் பென்டிரைவ் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ரேமில் விரிந்திருக்கும் இனிட்ரேம்எஃப்எஸ்தான் அதன் தற்காலிக வீடு. அதனுள் இருக்கும் லைவ்-பூட் நிரல்கள், இணைக்கப்பட்டுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் படிக்க மட்டும் மவுண்ட் செய்து (கோப்பு மரத்தோடு இணைத்து), லைவ் கோப்புறை எதில் இருக்கிறது என்று தேடுகின்றன. கண்டுபிடித்ததும், அங்குள்ள ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பை ஒரு கோப்பையே வட்டுபோலக் காட்டும் லூப் சாதனத்தின் வழியாகத் தனிக் கோப்பு முறைமையாக மவுண்ட் செய்கின்றன. உங்கள் இயங்குதளம் முழுவதும், உலாவி உட்பட, அந்த ஒரே சுருக்கப்பட்ட கோப்புக்குள்தான் இருக்கிறது. ஸ்குவாஷ்எஃப்எஸ் அமைப்பிலேயே எழுதுவதற்கு வழி கிடையாது. உருவாக்கும்போது எழுதியதோடு சரி.

அடுத்து, ரேமில் டிஎம்பிஎஃப்எஸ் என்னும் வெற்றுக் கோப்பு முறைமை ஒன்று உருவாக்கப்படுகிறது. ஓவர்லேஎஃப்எஸ், ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸைக் கீழ் அடுக்காகவும் டிஎம்பிஎஃப்எஸ்ஸை மேல் அடுக்காகவும் வைத்து, இரண்டையும் ஒரே மரமாகக் காட்டுகிறது. அச்சிட்ட வரைபடத்தின்மேல் கண்ணாடித்தாளை விரித்து, அந்தத் தாளில் மட்டும் குறிப்பெழுதுவதைப் போன்றது இது. படிக்கும்போது மேல் அடுக்கில் கோப்பு இருந்தால் அதுவும், இல்லையென்றால் கீழ் அடுக்கில் உள்ளதும் கிடைக்கும். எழுதுவது எதுவானாலும் மேல் அடுக்கில்தான், அதாவது ரேமில்தான் நடக்கும். இந்தக் கூட்டு மரத்தை வேராக மாற்றிய பிறகே, மற்ற சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி எழுந்து, நாம் வழக்கமாகக் காணும் துவக்கம் தொடங்குகிறது.

மென்பொருளை நீக்கியும் இடம் கூடாததற்குக் காரணம் இப்போது தெளிவாகும். கீழ் அடுக்கில் உள்ள கோப்பை யாராலும் அழிக்க முடியாது. நீங்கள் நீக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அதே பெயரில், முதன்மை எண் 0, துணை எண் 0 கொண்ட ஒரு சாதனக் கோப்பை ஓவர்லேஎஃப்எஸ் மேல் அடுக்கில் வைக்கிறது. அந்தக் குறி இருக்கும் பெயரை அது நமக்குக் காட்டுவதில்லை. ஆக, கோப்பு மறைகிறதே தவிர அழிவதில்லை. குறியை வைப்பதற்கும் சிறிது ரேம் செலவாகிறது, மென்பொருள் பட்டியல் மாற்றி எழுதப்படுவதால் அதன் புதிய பிரதியும் மேல் அடுக்குக்கு வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீழ் அடுக்கில் உள்ள ஒரு கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கோப்பு முழுவதும் மேலே நகலெடுக்கப்படும். உரிமையாளரையோ அனுமதியையோ மாற்றினாலும் இயல்பான அமைப்பில் இதே கதைதான். பெரிய கோப்புறை ஒன்றின் உரிமையை மொத்தமாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், உள்ளடக்கத்தில் எதுவும் மாறாதபோதும் அத்தனை கோப்புகளும் ரேமுக்கு வந்துவிடும்.

மாலைநேரம்:

மேலே உள்ள விளக்கத்தோடு, மாலையில் கணினி மெதுவாவதைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் பலரும் இதைப் பென்டிரைவின் கோளாறு என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள்.

மேல் அடுக்காக இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸுக்கு இயல்பான உச்சவரம்பு மொத்த ரேமில் பாதி. உங்கள் கணினியில் ஏறத்தாழ 2 ஜிபி. தொடக்கத்திலேயே அது ஒதுக்கப்படுவதில்லை. கோப்புகள் சேரச் சேர உண்மையான நினைவகம் அதற்குள் போகிறது. உலாவியின் தற்காலிகச் சேமிப்பு, பதிவிறக்கங்கள், பதிவேடுகள் எல்லாம் இதில்தான் சேர்கின்றன.

லினக்ஸ் ஊடகத்திலிருந்து படித்த பக்கங்களையும் (தரவின் சிறு துண்டுகளையும்) ரேமில் வைத்துக்கொள்கிறது. நெருக்கடி வந்தால் அவற்றைத் தயங்காமல் கைவிடலாம். தேவைப்படும்போது மீண்டும் படித்துக்கொள்ளலாம். டிஎம்பிஎஃப்எஸ்ஸில் உள்ள பக்கங்களை அப்படிக் கைவிட முடியாது, ஏனெனில் அவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது பக்கங்களை ஒதுக்கிவைக்கும் இடம்) இல்லாத உங்கள் கணினியில் அவை அசையாமல் உட்கார்ந்திருக்க, கர்னல் வேறு வழியின்றி நிரல்களின் பக்கங்களையே வெளியேற்றுகிறது. அடுத்த நொடி அதே நிரல் அதே பக்கத்தைக் கேட்கும். அதைப் பென்டிரைவிலிருந்து மறுபடியும் படித்து, மறுபடியும் விரிக்க வேண்டும். ஸ்குவாஷ்எஃப்எஸ் தரவை இயல்பாக 128 கேபி கொண்ட தொகுதிகளாகச் சுருக்கி வைப்பதால், 4 கேபி அளவுள்ள ஒரு பக்கம் மட்டும் வேண்டுமென்றாலும் அந்தத் தொகுதி முழுவதையும் விரித்தாக வேண்டும். நீங்கள் காணும் இடைவிடாத மினுங்கல் இதுதான்.

மாணவர் பென்டிரைவைப் பிடுங்கிய பிறகும் உலாவி ஓடியதற்கும் காரணம் இதே பக்கச் சேமிப்புதான். ஏற்கெனவே படித்த பக்கங்கள் ரேமில் இருந்தவரை அது ஓடியது. படிக்காத ஒரு பக்கம் தேவைப்பட்டதும் கர்னலால் தர முடியாமல் போனது. அந்நிலையில் நிரல்கள் உள்ளீட்டுப் பிழை காட்டும், அல்லது பஸ் பிழையோடு விழுந்துவிடும். மீண்டும் செருகினாலும் அது புதிய சாதனமாகவே கருதப்படுவதால் பயனில்லை. கணினியை நிறுத்தித் தொடங்குவதே வழி.

உடனடியாகச் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. உலாவி வட்டில் வைத்துக்கொள்ளும் தற்காலிகச் சேமிப்பை அணைத்துவிடுங்கள்; அந்த வட்டே ரேமாக இருக்கும்போது அதனால் எந்த நன்மையும் இல்லை. அடுத்து, இசட்ரேம் வழியாக ரேமுக்குள்ளேயே சுருக்கப்பட்ட ஸ்வாப் ஒன்றை இயக்குங்கள். உலாவி பயன்படுத்தும் நினைவகம் நன்றாகச் சுருங்கும். பதிவிறக்கிய படங்களும் காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் அவற்றில் பெரிய மிச்சம் எதிர்பார்க்க வேண்டாம்.

பழையகுறுவட்டு:

நிலைத்த சேமிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பொதுமக்கள் பயன்படுத்தும் கணினியில் அதை இயக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அதன் அமைப்பு எளியதுதான். பெர்சிஸ்டென்ஸ் (persistence) என்று பெயரிட்ட ஒரு பகிர்வை உருவாக்கி, எந்தெந்தக் கோப்புறைகள் நிலைக்க வேண்டும் என்பதை அதே பெயர்கொண்ட உள்ளமைவுக் கோப்பில் குறிப்பிட்டு, துவக்க வரியிலும் (துவங்கும்போது கர்னலுக்குத் தரும் கட்டளை வரி) அந்தச் சொல்லைச் சேர்த்தால், ரேமுக்குப் பதிலாக அந்தப் பகிர்வு மேல் அடுக்காகிவிடும். ரேம் நெருக்கடி குறையும் என்பது உண்மையே. ஆனால் ஒரு வாசகர் விட்டுச்சென்ற கடவுச்சொல்லும் ஆதார் நகலும் அடுத்தவருக்குக் கிடைக்கும். யாரோ நிறுவிய தீநிரல் மறுநாளும் எழும்பும். மின்சாரம் போனால் எழுதிக்கொண்டிருந்த பகிர்வு கெடலாம். நீங்களே சொன்ன வசதி, காலையில் பழைய நிலையில் எழும்புவது, அத்தோடு போய்விடும்.

அதோடு, கர்னலை அந்த வழியில் புதுப்பிக்கவும் முடியாது. துவக்க நிரல் கர்னலை எடுப்பது ஐஎஸ்ஓ பகுதியில் உள்ள லைவ் கோப்புறையிலிருந்து. மேல் அடுக்கு உருவாவதோ கர்னல் எழுந்த பிறகு. புதிய கர்னலை நிறுவினால், படிக்க மட்டுமே இயலும் ஊடகத்தில் இயங்குவதால் இனிட்ரேம்எஃப்எஸ் புதுப்பிப்பு முடக்கப்பட்டுள்ளது என்ற செய்தியை டெபியன் லைவ் காட்டும். அதைப் பிழையாகக் கருதிப் பலர் சுற்றிச்செல்ல முயல்கிறார்கள். அது சரியான எச்சரிக்கை.

படிக்க மட்டும் என்ற சொல்லையும் சற்றுக் கவனமாகக் கையாள வேண்டும். ஒருமுறை எழுதி முடித்த டிவிடியில் யாராலும் மாற்ற இயலாது. பென்டிரைவிலோ கோப்பு முறைமை மட்டுமே அப்படி. நிர்வாகி அனுமதி உள்ளவர் அந்தச் சாதனத்தின்மீதே நேரடியாக எழுதி முழுப் படிமத்தையும் அழித்துவிடலாம். டெபியன் லைவில் இயல்பாக உருவாகும் பயனரின் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, அவருக்கு நிர்வாகி அனுமதியும் உண்டு. நூலகத்தில் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். எழுதுதலைத் தடுக்கும் பொத்தான் உள்ள பென்டிரைவ் கிடைத்தால் இன்னும் நல்லது.

1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் இந்த அடுக்கு முறை இவ்வளவு சீராக இருக்கவில்லை. க்ளாஸ் க்னாப்பர் 2000இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ் என்னும் லைவ் லினக்ஸ், சீலூப் சுருக்கத்தால் ஏறத்தாழ 2 ஜிபி மென்பொருளை ஒரு 700 எம்பி குறுவட்டில் அடக்கியது. ஆனால் எழுத வேண்டிய கோப்புறைகளை மட்டும் ரேம் வட்டுக்குத் திருப்பும் இணைப்புகளை ஒவ்வொன்றாக அமைக்க வேண்டியிருந்தது. 2005இல் 3.8 பதிப்பில், அடுக்குகளை ஒன்றாகக் காட்டும் யூனியன்எஃப்எஸ் வந்த பிறகே குறுவட்டு முழுவதும் எழுதக்கூடியதுபோலத் தோன்றியது. இன்று நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஓவர்லேஎஃப்எஸ் 2014 டிசம்பரில் வெளியான 3.18 கர்னலில்தான் சேர்ந்தது.

எனவே மாற்றம் தேவைப்படும்போது இயங்கும் கணினியில் செய்யாமல் படிமத்திலேயே செய்யுங்கள். லைவ்-பில்ட் என்ற கருவி அதற்கென்றே இருக்கிறது. வேண்டிய மென்பொருள்களின் பெயர்களை ஒரு பட்டியல் கோப்பில் எழுதி, உலாவி அமைப்புகளையும் தமிழ் எழுத்துருக்களையும் உள்ளடக்கக் கோப்புறையில் வைத்துக் கட்டளையைக் கொடுத்தால், அன்றைய பாதுகாப்புப் புதுப்பிப்புகளோடும் புதிய கர்னலோடும் ஐஎஸ்ஓ ஆயத்தமாகும். ஒரே படிமத்தை எல்லாப் பென்டிரைவுகளிலும் எழுதிவிடலாம்.

நூலகக்கணினி:

மூவருக்கும் மிக்க நன்றி. நிலைத்த சேமிப்பைக் கைவிட்டுவிட்டேன். உலாவியின் தற்காலிகச் சேமிப்பையும் அணைத்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதம் இருக்கிறது. துவக்க வரியில் டுரேம் (toram) என்று சேர்த்தால் பென்டிரைவையே எடுத்துவிடலாம் என்று படித்தேன். மாணவர்கள் பிடுங்கும் தொல்லையும் தீரும். 4 ஜிபி ரேமில் இது சாத்தியமா?

கர்னல்வாசி:

இப்போதைய படிமத்தோடு செய்ய வேண்டாம். அந்தச் சொல்லைச் சேர்த்தால், லைவ்-பூட் ஊடகத்தில் உள்ளவை முழுவதையும் முதலில் ரேமுக்கு நகலெடுத்துவிட்டு அங்கிருந்தே மவுண்ட் செய்யும். நகலெடுத்து முடிந்ததும் ஊடகம் தேவையில்லை, நிரல்களும் வேகமாகத் திறக்கும். ஆனால் முழு மேசைச்சூழலும் அலுவலக மென்பொருளும் அடங்கிய படிமம் 2 ஜிபியைத் தாண்டினால், மேல் அடுக்குக்கும் உலாவிக்கும் மிஞ்சுவது மிகவும் குறைவு. மாலைநேரம் விளக்கிய அதே நெருக்கடி காலையிலேயே தொடங்கிவிடும்.

லைவ்-பில்ட் வழியாக எல்எக்ஸ்கியூடி போன்ற இலகுவான சூழலையும் உலாவியையும் மட்டும் வைத்து, அலுவலகத் தொகுப்பையும் தேவையற்ற மொழிக் கோப்புகளையும் தவிர்த்துப் படிமத்தை 1 ஜிபிக்குள் கொண்டுவர முடிந்தால், இதைத் தாராளமாகச் செய்யலாம். முதலில் ஒரு கணினியில் மட்டும் இயக்கி, நாள் முழுவதும் பயன்படுத்திய பிறகு மாலையில் எஞ்சியுள்ள ரேமை ஃப்ரீ கட்டளையால் பாருங்கள். அதில் காலி (free) என்ற நெடுவரிசையைப் பார்க்காமல் கிடைக்கக்கூடியது (available) என்ற நெடுவரிசையைப் பாருங்கள்; கைவிடக்கூடிய பக்கங்களையும் கணக்கில் சேர்ப்பது அதுவே. அந்த எண் மாலையில் 500 எம்பிக்கு மேல் நின்றால் மற்றக் கணினிகளுக்கும் அதே படிமத்தை எழுதலாம். குறைந்தால் பென்டிரைவைக் கணினியின் பின்புறத் துளையில் செருகி, பெட்டிக்குள் கை எட்டாதபடி வைத்துப் பழைய முறையிலேயே ஓட்டுங்கள்.