சிறைக்குப் பதிலாக வேறு வழியே இல்லையா?

கேள்வி:
என் தம்பி சிறையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. தன் உபயோகத்துக்கு வைத்திருந்த சின்னப் பொட்டலம் ஹெராயினோடு பிடிபட்டான். இரண்டு இடத்தில் வேலை கேட்டான். வழக்கு என்றதும் விண்ணப்பத்தை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறான். தண்டனை கொடுத்தார்கள், சரி. சிகிச்சையை யார் கொடுப்பது? வேறு வழி தேடிய நாடு எதுவும் இல்லையா?

பதில் 1:
போர்ச்சுகல் இருக்கிறது அக்கா. 2001 முதல் அங்கே 10 நாள் உபயோகத்துக்கு மேற்படாத அளவு வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு கிடையாது. தடை அப்படியே இருக்கிறது, விற்பவருக்குச் சிறையும் உண்டு. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போகாமல் மூன்று பேர் குழுவின் முன் உட்காருகிறார். சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால் நடவடிக்கையை நிறுத்தி வைக்கிறார்கள்.

பதில் 2:
சட்டத்தை மட்டும் மாற்றினால் போதாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021-இல் சிறு அளவு வைத்திருப்பவருக்கான சிறைத் தண்டனையை நீக்கியது. சிகிச்சைக்கான பணம் போய்ச் சேரத் தாமதமானது. 2024-இல் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பதில் 3:
அக்கா, அதைவிட அவசரம் ஒன்று. சிறையில் இருந்தபோது போதையை விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி இருக்காது. வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் உயிர் போகும் ஆபத்து அதிகம். மருத்துவரிடம், ஹெராயின் அளவு மீறிப்போனால் உயிரைக் காக்கும் நலோக்சோன் மருந்து பற்றியும், ஹெராயின் ஏக்கத்தைக் குறைக்கும் மெத்தடோன் அல்லது பியூப்ரினார்ஃபின் மருந்துச் சிகிச்சை பற்றியும் கேளுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நாளைக் காலையே போகிறோம். இப்போதுதான் தூங்கினான், விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.