சித்திரை வெயிலில் கம்பளி

மூணு வருஷம் முந்தி ஒரு விடியக்காலையில், நெஞ்சுக்கூட்டுக்குள் கெண்டை துள்ளுகிற மாதிரி இருந்தது. ஈசிஜி எடுத்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு தாளம் தப்புவது என்றார்கள். துடிப்பு 150-க்கு மேல். துடிப்பைக் குறைக்கிற மெட்டோப்ரோலாலுக்கு அது அடங்கவில்லை. தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் ஆரம்பித்தார்கள், பத்து நாளில் துள்ளல் நின்றது.

எட்டாம் மாதம் வேறு கூத்து. சித்திரை மாதம், திருநெல்வேலி வெயிலில் நான் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மலச்சிக்கல், முகம் உப்பல், பேச்சு இழுவை. "அறுபது தாண்டிட்டுல்லா" என்றாள் வீட்டுக்காரி. நானும் வயசுதான் என்று நம்பினேன். அடுத்த செக்கப்பில் டாக்டர் என் குரலைக் கேட்டதுமே தைராய்டு பார்க்க எழுதினார். தைராய்டு சோர்ந்தால் ஏறுகிற டிஎஸ்எச் 38!

காரணம் அமியோடரோன்தான். அதன் 200 மி.கி. மாத்திரை ஒன்றில் 75 மி.கி. அயோடின் இருக்கிறதாம். அதில் 6, 7 மி.கி. தினமும் ரத்தத்தில் கலக்கும். நமக்கு ஒரு நாள் தேவையே 0.15 மி.கி.தான். மிஞ்சிய அயோடின் தைராய்டை அமுக்கிவிட்டது. "அப்போ நிறுத்திரலாமே சார்" என்றேன். இன்று நிறுத்தினாலும் கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் வேலை செய்யும், துள்ளல் திரும்பினால் அது வேறு வம்பு என்று சொல்லி, தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் சேர்த்தார். கம்பளியைப் பரண்மேல் போட மூணு மாதம் ஆனது.

*

எங்க அம்மாவுக்கு இதயத்துல மிட்ரல் வால்வு சுருக்கம், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறாங்க சார். துடிப்பு தாறுமாறானதும் இதே அமியோடரோன் சேர்த்தாங்க. மூணாவது வாரம் பல் தேய்க்கும்போது ரத்தம், கையில் நீலத் திட்டு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 6.2. இருக்க வேண்டியது 2-லிருந்து 3. வீடே முருங்கைக்கீரையைத் திட்டியது. கீரை ஐஎன்ஆரைக் குறைக்குமே தவிர ஏற்றாது என்று அப்புறம்தான் தெரிந்தது. வார்ஃபரினைக் கல்லீரல் கரைப்பதை அமியோடரோன் தடுத்துவிடுகிறது. வார்ஃபரின் அளவைக் கிட்டத்தட்ட பாதியாக்கினார்கள். புது மாத்திரை சேர்க்கும்போதே வாராவாரம் ஐஎன்ஆர் பாருங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இப்போ ராத்திரியில் தெருவிளக்கைச் சுற்றி வட்டம் தெரியுதுங்கறாங்க. உங்களுக்கும் அப்படி உண்டா?

*

எனக்கு வயசு 29. எக்டோபிக் பீட்ஸ்தான், நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும், பெரிய வியாதி இல்லை. படபடப்பை அடக்க ப்ரோப்ரானலால் தந்தார்கள். விரல் நுனி சில்லிட்டது, தினமும் பேய்க்கனவு. செத்துப்போன தாத்தா வந்து பைக் சாவி கேட்பார். வெறுத்துப்போய் நானாகவே ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் படபடப்பு இரண்டு மடங்காகி, நடுராத்திரி ஆட்டோ பிடித்து ஓடினேன். படிப்படியாகக் குறைக்க வேண்டியதாம். இப்போது அதே வகையில் வேறு மாத்திரை, அட்டெனலால். தாத்தா வருவதில்லை.

*

தெருவிளக்கு வட்டம் இந்தக் கம்பளிக்காரனுக்கும் தெரியுதும்மா. அமியோடரோன் சாப்பிடுகிற பெரும்பாலானவர்களுக்குக் கருவிழியில் பொடி மாதிரிப் படியும், பார்வையை அநேகமாகக் கெடுக்காது என்று கண் டாக்டர் சொன்னார். ஆனாலும் அம்மாவை ஒருதடவை காட்டிவிடுங்கள், பார்வை மங்கினால் உடனே. எனக்கு ராத்திரி பஸ் நம்பர் பார்க்கத்தான் பக்கத்தில் நிற்கிறவர் தயவு வேண்டியிருக்கிறது.